தவிர்க்க முடியாத காரணங்களால்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதுவது. இங்கே நானும், உங்கள் மாப்பிள்ளையும், என் தொண்டையும் சுகம். அங்கே நீங்களும், அண்ணியும், உங்கள் ரத்த அழுத்தமும் அவரவர் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் கத்திவிடுவீர்கள், கத்தினால் டாக்டர் திட்டுவார் என்பதால் நீங்கள் எழுதியனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. எழுத்திலும் கத்தலாம் என்று அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரிக்கு வரி அடிக்கோடு. "மானம்" என்ற சொல்லுக்குக் கீழே காகிதமே கிழிந்திருக்கிறது. உங்கள் சிபாரிசில் கிடைத்த வேலையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் தலையிலேயே கல்லைப் போட்டுவிட்டேனாம். தலைமை அலுவலகத்தில் ஒரு காலத்தில் உங்களைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவர்கள் இப்போது "அந்த அறிவிப்பு அம்மா உங்க தங்கச்சியா சார்" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். எனவே கடிதம் கண்டவுடன் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று உத்தரவு. அண்ணா, நீங்கள் சொல்லி நான் தட்டியது கிடையாது. நீங்கள் சொன்ன பள்ளியில் படித்தேன். நீங்கள் சொன்ன மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினேன். நீங்கள் முகம் சுளித்தீர்கள் என்பதற்காக வீட்டுச் சுவருக்கு வாங்கி வைத்த பச்சைப் பெயிண்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் இந்த மன்னிப்பை எழுதித் தர மாட்டேன். ஏன் மாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் கேட்டது எங்கள் துணை மேலாளர் வாயால் வந்த கதை. இது என் வாயால் வருவது.

முதலில் நான் உட்காரும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை வாங்கிக் கொடுத்த நீங்கள் ஒரு நாளும் மாடியேறி வந்து பார்த்ததில்லை. பேருந்து நிலையத்தின் நட்டநடுவே, நடைமேடைகளுக்கு மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு மின்விசிறி. விசிறி ஓடினால் அதன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை ஓடவிடக் கூடாது; பார்த்துக்கொண்டு வேண்டுமானால் இருக்கலாம். மேசைமேல் ஒரு பெட்டி, அது நிறைய அட்டைகள். வண்டி புறப்படும் அட்டை, வண்டி வரும் அட்டை, தாமத அட்டை, ரத்து அட்டை, குழந்தை தொலைந்த அட்டை, குழந்தை கிடைத்த அட்டை. எவரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போனவை. நான் செய்ய வேண்டியதெல்லாம் சரியான அட்டையை எடுத்து, கோடிட்ட இடத்தில் வண்டியின் பெயரை நிரப்பி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படிப்பது. குழந்தை தொலைந்தாலும் அதே குரல், கிடைத்தாலும் அதே குரல். இத்தனை வருஷம் அப்படியே படித்துப் படித்து, அட்டை என் வாய்க்குள்ளேயே முளைத்துவிட்டது. ஒரு நாள் சமையலறையிலிருந்து "இரவு உணவு தயார் நிலையில் உள்ளது" என்று நான் சொல்ல, குளிர்பதனப் பெட்டி ரிப்பேர் செய்துவிட்டு அலுத்து வந்து படுத்திருந்த உங்கள் மாப்பிள்ளை, கண்ணைத் திறக்காமலே "எந்த நடைமேடைல?" என்றார். அன்றைக்கு நான் சிரித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது ஏனோ சிரிப்பு வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த மழை நாள் வந்தது. காலையில் நீதிமன்றத்துக்குப் போகும் வண்டியைக் காணோம். அந்த வண்டிக்கு நிற்கிறவர்கள் சாதாரணமாகவே சண்டைக்காரர்கள். சண்டை இருப்பதால்தானே அங்கே போகிறார்கள். நான் தாமத அட்டையை எடுத்து, "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று படித்தேன். கீழே முணுமுணுப்பு. மறுபடி படித்தேன். முணுமுணுப்பு கூச்சலாயிற்று. மூன்றாவது தடவை படித்தபோது, ஒரு வக்கீல் தன் குடையை மடக்கி நேரக் காப்பாளரின் நெஞ்சில் வைத்து, "என்ன காரணம்னு சொல்லுய்யா, தவிர்க்க முடியுமா முடியாதான்னு நாங்க பாக்குறோம்" என்றார். நேரக் காப்பாளர் நல்ல மனுஷர், வண்டி வந்த நேரம் போன நேரம் பார்ப்பவர், மூச்சு விடுவதைக்கூட அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் விடுபவர். அவர் தலையைத் தூக்கி என் கூண்டைப் பார்த்தார். பாவம், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். மேலே இருந்து எனக்கு வாசல் தெரிகிறது. நீதிமன்ற வண்டி வாசலிலேயேதான் நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு லாரி. லாரியிலிருந்து மெத்தைகள் சரிந்து வழியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன.

அண்ணா, நான் அட்டையைக் கீழே வைத்தேன். வைக்க வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை, கை வைத்தது. மைக்கில் சொன்னேன்: "உங்கள் வண்டி வந்துவிட்டது. வாசலில் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு லாரி மெத்தை விரித்துப் படுத்திருக்கிறது. நம் ஓட்டுநர் இறங்கி ஒரு மெத்தையைத் தூக்குகிறார். தூக்கிவிட்டார். ஆனால் எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை, அதனால் திரும்ப அங்கேயே வைக்கிறார். இப்போது நடத்துநர் வருகிறார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் வடக்கே இழுக்கிறார், ஒருவர் தெற்கே இழுக்கிறார். மெத்தைக்கு எந்த ஊர் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை."

கீழே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அப்புறம் மொத்த நடைமேடையும். குடை வைத்திருந்த வக்கீலே குடையை இறக்கிவிட்டு, "வாங்கய்யா, போய்த் தூக்குவோம்" என்று நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வாதிகளும் பிரதிவாதிகளும் சேர்ந்து மெத்தை தூக்குவதை நான் அப்படியே ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டி உள்ளே வந்தபோது அதற்குக் கைதட்டினார்கள். ஒரு பேருந்து வந்ததற்கு மனிதர்கள் கைதட்டி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்கு மேல் நடந்ததைத் துணை மேலாளர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அது எனக்குள் நடந்தது. மைக்கை அணைத்தேன். வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் தூசியும் வெளிச்சமும் ஒன்றாகப் பறக்குமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. "மெத்தைக்கு எந்த ஊர்" என்று சொன்னேனே, அந்த வாக்கியம் சொல்வதற்கு முந்திய நொடி வரைக்கும் உலகத்தில் இல்லை. என்னிடமும் இல்லை. எவரும் எழுதித் தரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று மதியம் முழுக்க யோசித்துக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உங்களிடம் மறைப்பானேன். காய் நறுக்கும்போது வாக்கியம் வந்தது, துணி காயப்போடும்போது வந்தது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணைத் திறக்க முடியாத நேரத்தில்தான் மிக நல்லவை வந்தன. ஒரு நாளைக்கு ஒன்று, ஒரே ஒன்று, அட்டையைப் படித்த பிறகு என் சொந்தச் சரக்காகச் சேர்த்தேன். மருத்துவமனை வண்டிக்கு: "நோயாளிகள் முதலில் ஏறவும். பார்க்கப் போகிறவர்கள் பிறகு ஏறவும். நோயாளிக்கென்று வாங்கிய பழங்களை வழியிலேயே தின்றுவிட வேண்டாம்." பல்கலைக்கழக வண்டிக்கு: "இன்று தேர்வு. படித்துவிட்டு வந்தவர்களுக்கு முன் இருக்கை. மற்றவர்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும், இன்றைக்கு வேறு பிடி கிடையாது." நீதிமன்ற வண்டிக்கு: "இரு தரப்பாரும் ஒரே வண்டியில் ஏறலாம். ஜன்னலோரம் யாருக்கு என்பதை மட்டும் இங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளவும்."

எல்லாம் எடுபட்டது என்று நினைக்காதீர்கள். துறைமுக வண்டிக்கு எதுகை மோனையோடு நான்கு வரி செய்து கொண்டுபோனேன். "துறைமுகம் போகும் துணிச்சல்காரர்களே" என்று ஆரம்பித்தது. இரண்டு நாள் இழைத்து இழைத்துச் செய்தது. மைக்கில் சொன்னேன்; கீழே ஒரு ஈ காக்கை அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அம்மாக்கு உடம்பு சரியில்ல போல" என்றது கண்ணாடி வழியாக உதட்டசைவிலேயே தெரிந்தது. அன்றைக்கு நான் பட்ட அவமானம் உங்கள் கடிதத்தைப் படித்தபோதுகூடப் படவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் மாப்பிள்ளையிடம் அந்த நாலு வரியைச் சொல்லிக் காட்டி, "எங்க தப்பு?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பேசுற மாதிரி இல்ல, எவனோ மேடையில பேசுற மாதிரி இருக்கு" என்றார். குளிர்பதனப் பெட்டியில் எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்டே கண்டுபிடிப்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா. மறுநாள் எதுகை மோனையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

இதற்குள் கீழே வேறு சங்கடங்கள் கிளம்பிவிட்டன. அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே நின்று வண்டியைத் தவறவிட்டவர்கள் நேரக் காப்பாளரிடம் சண்டைக்கு வந்தார்கள். எங்கேயும் போக வேண்டியில்லாத ஓய்வு பெற்றவர்கள் காலையிலேயே வந்து பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார்கள். போக வேண்டியவர்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர் எனக்குத் தினமும் டீ அனுப்பினார், அது அன்பில் என்று நினைத்தேன். வியாபாரம் இரண்டு மடங்கு என்று பிறகு தெரிந்தது. இதெல்லாம் பரவாயில்லை. ஒன்று மட்டும் தப்பாகப் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மேலேயிருந்து பார்க்கிறேன், மூன்றாம் நடைமேடையில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் யாரையோ தேடித் தேடி நிற்கிறார்; ஐந்தாம் நடைமேடையில் தூணுக்குப் பின்னால் நீலக் குடையோடு ஒரு பெண். எனக்குக் குறுகுறுப்புத் தாங்கவில்லை. "மஞ்சள் சட்டைக்காரரே, நீங்கள் தேடும் நீலக் குடை ஐந்தாம் நடைமேடையில் தூணுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். சற்று நேரத்தில் அந்தப் பெண் படியேறி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"உங்கள யாரு கேட்டா?" என்றாள்.

"தேடிட்டு இருந்தாரேன்னுதான்..."

"அவர் தேடுறாருன்னுதான நான் தூணுக்குப் பின்னால நின்னேன். எங்க சித்தப்பா அவரு. என் கல்யாணத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா வண்டி கடைசி நிறுத்தம் போற வரைக்கும் விடமாட்டாரு."

நான் எழுந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் அண்ணா. மனசாரக் கேட்டேன். இனி வண்டிகளைப் பற்றித்தான் பேசுவேன், மனிதர்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்றேன். அவள் போகும்போது, "மத்தபடி நல்லாத்தான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக, எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்டாயிற்று.

இப்போது துணை மேலாளருக்கு வருகிறேன். நிலையத்தில் அவரை எல்லோரும் "முத்திரை" என்றுதான் சொல்வார்கள், எது கையில் வந்தாலும் முத்திரை குத்தாமல் திருப்பித் தர மாட்டார் என்பதால். கெட்டவர் இல்லை, தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர். அவர் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தார்: அட்டையில் உள்ளதைத் தவிர ஒரு சொல்லும் கூடாது. சரி என்றேன். மேலிடத்து உத்தரவை மீறுகிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. அட்டையை மட்டும் படித்தேன். என்ன, "தவிர்க்க முடியாத" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, பெருமூச்சு மாதிரி ஒன்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு "காரணங்களால்" என்றேன். அவ்வளவுதான். நிலையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முத்திரை மாடிப்படியில் ஓடி வந்தார்.

"மேடம், நடுவுல ஏன் நிறுத்துறீங்க?"

"மூச்சு வாங்குறேன் சார்."

"மூச்ச அறிவிப்புக்கு முன்னாடியே வாங்கிக்கணும்."

மறுநாள் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. சொற்களுக்கு இடையே தேவையற்ற இடைவெளி கூடாது என்று. தேவையான இடைவெளி எவ்வளவு, மூச்சு விடுவதற்கு விண்ணப்பிக்க வேண்டிய அதிகாரி யார் என்று விளக்கம் கேட்டு நானும் எழுதிக் கொடுத்தேன். அதிலும் முத்திரை குத்திப் பெற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் கூண்டுக்குள் வந்து, விசிறியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "எனக்கும்தான் ஆயிரம் தோணும் மேடம். தோணுறதெல்லாம் பேசிட முடியுமா?" என்றார்.

"என்ன தோணும் சார், ஒண்ணு சொல்லுங்க. இங்க நாம ரெண்டு பேர்தான்."

அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். கீழே ஒரு வண்டி வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயேவிட்டது. "இப்ப ஒண்ணும் வரல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போய்விட்டது. மீதிப் பாதி அடுத்த வாரம் வட்டியோடு திரும்பி வந்தது, ஏனென்றால் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த மெஷினுக்குள் இருந்தது யார் குரல் தெரியுமா? என் குரல். பழைய அறிவிப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்களாம். அதைத் துண்டு துண்டாக வெட்டி, பொத்தானை அழுத்தினால் ஒட்டவைத்துச் சொல்கிற மாதிரி செய்துவிட்டார்கள். "ஐந்தாம்" ஒரு நாளைக்குப் பேசியது, "நடைமேடையில்" எனக்குச் சளி பிடித்திருந்த நாளில் பேசியது. இனி என் வேலை பொத்தான் அழுத்துவது. அண்ணா, நீங்களே சொல்லுங்கள், ஒருத்தியை அவள் குரலாலேயே வாயை அடைத்தால் எப்படி இருக்கும்? பக்கத்து நாற்காலியில் நானே உட்கார்ந்து, உயிரில்லாமல் பேசிக்கொண்டிருப்பதை நானே கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். டீ வருவதும் நின்றுவிட்டது.

இனி வருவதுதான் என்மேல் உள்ள குற்றச்சாட்டு, கவனமாகப் படியுங்கள். காலை நேரம், நிலையம் நிரம்பி வழிகிறது. நான்காம் நடைமேடையில் சந்தைக்குப் போகும் வண்டி. உள்ளே நெரிசல், வெளியே இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் இன்ஜின் பக்கம் புகை. முதலில் மெல்லிசாக, பிறகு கறுப்பாக. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. மெஷின் என் குரலில், "சந்தை செல்லும் பேருந்து... புறப்படத் தயாராக உள்ளது... பயணிகள் ஏறி அமரவும்" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. புகையைப் பார்த்து எவராவது கத்தினால் போதும், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மிதிபடுவார்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அது "பயணிகளின் கவனத்திற்கு" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வயரைப் பிடித்து இழுத்தேன். வயரோடு பிளக் வந்தது, பிளக்கோடு சுவரிலிருந்த சாக்கெட் வந்தது, சாக்கெட்டோடு கையகலக் காரை வந்தது. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் விளக்கெல்லாம் போயிற்று. மைக்குக்கு மட்டும் தனி பேட்டரி, கடவுள் இருக்கிறார்.

"எல்லாரும் கேளுங்கள், இது மெஷின் இல்லை, நான்தான்" என்றேன். "நான்காம் நடைமேடை வண்டிக்கு வயிறு சரியில்லை, புகை விடுகிறது. அதைக் கொஞ்ச நேரம் தனியாக விடுவோம். பின்கதவுப் பக்கம் இருப்பவர்கள் முதலில் இறங்குங்கள். ஓட வேண்டாம். ஓடினால் முன்னால் போகிறவர் காலை மிதிப்பீர்கள், அவர் திரும்பிப் பார்த்தால் உங்கள் மேலதிகாரியாக இருப்பார். ஜன்னலோரம் கிடைத்தவருக்கு மனசு வராதுதான், தெரியும். இறங்குங்கள், அடுத்த வண்டியில் அதே ஜன்னலை நான் வாங்கித் தருகிறேன். பெரியவரே, பையை விடுங்கள், அது எங்கேயும் போகாது. நேரக் காப்பாளர் மணல் வாளியோடு வருகிறார், அவருக்கு வழி விடுங்கள், இன்றைக்குத்தான் அவர் இவ்வளவு வேகமாக வந்து பார்க்கிறோம்."

இறங்கினார்கள் அண்ணா. சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கி நடைமேடையைத் தாண்டிய பிறகுதான் இன்ஜின் பக்கம் தீ எட்டிப் பார்த்தது. நேரக் காப்பாளரும் ஓட்டுநரும் மணலைக் கொட்டி அணைத்தார்கள். ஒரு செருப்பு மட்டும் கருகியது. நான் கூண்டுக்குள் தரையில் உட்கார்ந்து, சாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களிடம் அதையும் மறைக்கவில்லை.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "துறைக்குச் சொந்தமான வாகனத்துக்கு வயிறு சரியில்லன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்படிச் சொல்ல உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"வயிறு சரியில்லாத வண்டி குடுத்துச்சு சார்."

அவசரநிலைக்கென்றே தனி அட்டை இருக்கிறதே, அதை ஏன் படிக்கவில்லை என்று கேட்டார்கள். இருக்கிறது. முத்திரையின் மேசை இழுப்பறைக்குள், பூட்டி இருக்கிறது. அவர் அன்றைக்கு விடுப்பு. இதைச் சொன்னதும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இயந்திரத்தைச் சேதப்படுத்தியது ஒரு குற்றம், பொது இடத்தில் அனுமதியின்றிச் சிரிப்பு உண்டாக்கியது இன்னொரு குற்றம். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். வாசகத்தையும் அவர்களே தட்டச்சு செய்து தந்தார்கள். சாக்கெட்டுக்கு வருந்துகிறேன் என்று இருந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சுவருக்கு நானே காரை பூசித் தருகிறேன். கடைசி வரிதான்: "இனி பணி நேரத்தில் என் சொந்தச் சொற்கள் எதையும் பயன்படுத்த மாட்டேன் என உறுதி கூறுகிறேன்."

இந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். "கற்பனை, படைப்பு இதெல்லாம் அதற்கென்று பிறந்தவர்களுக்கு, உனக்கு எதற்கு அந்த வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அதற்கென்று பிறந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள்? அண்ணி உங்கள் பழைய கால்சட்டையின் காலை வெட்டி, வாயைச் சுருக்கிட்டு, சந்தைக்குப் பையாக எடுத்துப் போகிறார்களே, அதை அண்ணிக்கு எந்த அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்? உங்கள் மாப்பிள்ளை கதவு மூடாத குளிர்பதனப் பெட்டிக்குத் தன் இடுப்பு பெல்ட்டைக் கட்டிவிட்டு, கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாரே, அது என்ன? ஏன், உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் வீட்டுக்குப் போகாமல் இருக்க நீங்கள் இதுவரை சொன்ன சாக்குகளில் ஒன்றாவது இரண்டாம் தடவை வந்திருக்கிறதா? அத்தை வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன அந்த முழங்கால் கதையில் நானே கண் கலங்கியிருக்கிறேன். உங்களுக்குச் சாக்கு, அண்ணிக்குப் பை, அவருக்கு பெல்ட், எனக்கு வாக்கியம். யாரும் இதற்காக மேடை கேட்கவில்லை. மாலை கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது, இது நான் செய்தது, நேற்று வரைக்கும் இது இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதை விடு என்றால் மூச்சை விடு என்பது மாதிரிதான். சொந்தச் சொல் இல்லாமல் வாழ்வதற்கு நான் யாரிடம் போய்ச் சொல் கடன் வாங்குவேன்?

எனவே கையெழுத்துப் போட மாட்டேன். வேலை போனால் போகட்டும். இந்த முடிவில் மாற்றம் இல்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும், இனி என்னைத் தங்கை இல்லை என்று சொன்னாலும், நான் இதே வாயோடுதான் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்பேன். அண்ணி எனக்குக் கதவைத் திறப்பார்கள்.

மருந்தை வேளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள், என்மேல் உள்ள கோபத்தையும் அதே அளவு குறையுங்கள். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் நினைத்ததைச் சொல்லி நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும். உங்கள் பாதங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
எதையும் வாபஸ் வாங்காத
உங்கள் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் முத்திரை வீட்டுக்கே வந்துவிட்டார். ரிப்பேர் செய்த பிறகு மெஷின் எல்லா வண்டியையும் ரத்து செய்கிறதாம். வேறு ஒருவரை மைக் முன்னால் உட்காரவைத்தார்களாம். கீழே இருந்து "அம்மா எங்க, அம்மா எங்க" என்று ஒரே சத்தமாம். தலைமை அலுவலகம் இறங்கி வந்திருக்கிறது. முத்திரை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எழுதியெல்லாம் குடுக்க வேணாம் மேடம். அந்தக் கடைசி வரியையும் விட்டுருங்க. திங்கட்கிழமை காலைல வந்து, மைக்ல, பொதுமக்கள் முன்னால, ரெண்டு வார்த்தை மன்னிப்புச் சொல்லிட்டாப் போதும். உங்க இஷ்டப்படி சொல்லுங்க" என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டேன். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் உத்தரவிட்டபடியே மன்னிப்புக் கேட்கப் போகிறேன், தலைமை அலுவலகத்தில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளுங்கள். மத்தியானத்திலிருந்து அதைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வார்த்தைன்னுதான சொன்னாரு?" என்று கேட்கிறார். இது முன்னுரைதான் என்றேன்.